நைனாவின் பட்டறையும் ஆஸ்திரேலியக் கொட்டகையும்

போன மாதம் எங்கள் வீட்டு காரேஜில் ஒரு பெஞ்ச் வைஸ் பொருத்தினேன். நாலே நாலு போல்ட். மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் எட்டிப் பார்த்த வீட்டம்மா, "ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றாள். கூப்பிட்டிருக்கலாம்தான். முப்பது வருஷமாக ஆபீஸில் ஆணி புடுங்கியவனுக்கு, நிஜமான ஆணி ஒன்றை வளையாமல் புடுங்கத் தெரியவில்லை என்பது 58 வயதில் தெரிய வந்தால் வெட்கமாகத்தான் இருக்கும்.

அதுவும் நான் ஒரு ஃபிட்டரின் மகன்.

மெல்பர்னில் நாங்கள் இருக்கும் பகுதியில் ஆண்கள் கொட்டகை ஒன்று இருக்கிறது. 'மென்ஸ் ஷெட்' என்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூடி மரவேலை, இரும்பு வேலை செய்யும் இடம். நான் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஆனாலும் சனிக்கிழமைகளில் சேர்த்துக்கொண்டார்கள். வயதில் அங்கே நான்தான் பொடியன், வேலையிலும் அப்படித்தான். அங்கே ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மனசில் சுற்றிய விஷயங்கள்தான் இந்தப் பதிவு. பாதி வரலாறு, பாதி கொசுவத்தி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் போகும் வழியில், குப்பம் தாண்டியதும் கண்ணை மூடித் திறந்தால் போய்விடும் ஸ்டேஷன்தான் குடுபல்லி. சித்தூர் மாவட்டத்தின் கோடி. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இதெல்லாம் வட ஆற்காடு, கங்குந்தி ஜமீன் மண். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அடுத்த ஸ்டேஷன் பிசாநத்தம், அந்தப் பக்கமும் தங்கச் சுரங்கம் இருந்தது. அதையும் தாண்டி பங்காரப்பேட்டையில் வண்டி மாறினால், கிளைப்பாதை நேராகக் கோலார் தங்கவயலுக்குள் கொண்டுபோய் விடும். நைனா அங்கேதான் மேல்தளப் பட்டறையில் ஃபிட்டர். ஆறு நாள் அங்கே லைன் வீட்டில் உறவுக்காரர்களோடு தங்குவார், ஏழாம் நாள் ஊருக்கு வருவார்.

தங்கவயலின் கதையே ஓய்வு பெற்ற ஒருவரின் பொழுதுபோக்கிலிருந்துதான் ஆரம்பிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர். நியூசிலாந்தில் மாவோரி மக்களோடு நடந்த போரில் இருந்துவிட்டு, பட்டாளத்திலிருந்து விலகி பெங்களூர் கன்டோன்மென்ட்டில் வந்து உட்கார்ந்தார். நியூசிலாந்திலேயே தங்கம் தேடும் பித்து பிடித்திருந்தது. பொழுது போகாமல் படித்துக்கொண்டிருந்தபோது, ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி 1804-ல் எழுதிய ஒரு பழைய கட்டுரை கண்ணில் பட்டது. கோலார் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் மண்ணை அலசித் தங்கம் எடுக்கிறார்கள் என்று அதில் இருந்தது. 1871-ல் மாட்டுவண்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். 1875-ல் உரிமமும் வாங்கினார். ஆனால் தோண்டிக்கொண்டே இருக்கக் கையில் காசு இல்லை, உரிமையை வேறு ஆட்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி வந்தது. அதற்குப் பிறகு அது யாருக்கும் பொழுதுபோக்காக இல்லை.

வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் ஜனங்கள், பெரும்பாலும் தலித்துகள், கூட்டம் கூட்டமாக அங்கே இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பின்னாளில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கே மூன்று வருஷம் கழித்துத்தான் அது கிடைத்தது. மெஷினுக்கு அவ்வளவு அவசரம்.

அங்கே ஆளின் கை கம்பெனிக்குச் சொந்தமான சாமான் மாதிரி. 1930-ல் தொழிலாளிகள் எல்லோருடைய கைரேகையையும் பதிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகம் கிளம்பியபோது, சுரங்கம் மொத்தமும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. சுமார் மூன்று வாரம். கூலி உயர்வுக்காக இல்லை, 'எங்கள் கையைக் குற்றவாளியின் கை மாதிரி மையில் அமுக்காதே' என்பதற்காக. சின்ன வயதில் தாத்தா இந்தக் கதையைச் சொல்லும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். அவருக்கும் அவருடைய நைனா சொன்ன கதைதான் அது.

சரி, இவ்வளவு உழைத்த ஜனங்கள் ஓய்வு நேரத்தில் என்ன செய்தார்கள்? இதுதான் எனக்கு ரொம்ப நாளாகப் பிடித்த கேள்வி. படித்தார்கள்! அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் கிளைகள் இருந்தன. 1907-ல் அவர் சென்னையில் ஆரம்பித்த 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் நல்ல வாசகர் கூட்டம். 1914-ல் பண்டிதர் காலமாகி, இதழும் நின்றுபோன பிறகு, 1926-ல் ஜி. அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்தே மறுபடி கொண்டுவந்தார். பகலெல்லாம் பாறையைக் குடைந்தவர்கள் ராத்திரியில் புத்தரைப் பற்றிய விவாதத்தில் உட்கார்ந்தார்கள். கை நாள் முழுக்க வேலை செய்துவிட்டதால், ஓய்வு நேரம் தலைக்கு.

இதையே கண்ணாடியில் திருப்பிப் பார்த்தால் ஐரோப்பாவின் கதை தெரியும். அங்கே கைவேலையைப் பொழுதுபோக்காக முதலில் எடுத்துக்கொண்டவர்கள் கையால் ஒரு வேலையும் செய்யத் தேவையில்லாதவர்கள். ரஷ்ய மன்னர் மகா பீட்டருக்கு அரண்மனையில் கடைசல் பட்டறை இருந்தது. நார்டோவ் என்ற கைதேர்ந்த மெக்கானிக் கூடவே இருந்தார். பிரெஞ்சுப் புரட்சியில் தலையை இழந்த பதினாறாம் லூயிக்குப் பூட்டு செய்வதில் பைத்தியம். லண்டனில் ஹோல்ட்சாப்ஃபெல் என்ற குடும்பம் 1795 முதல் கனவான்களுக்கென்றே கடைசல் லேத் செய்து விற்றது. தந்தத்திலும் கருங்காலியிலும் சின்னச் சின்னப் பெட்டிகள் கடைவதற்கான மெஷின். விலை ஒரு சாதாரண ஆள் நினைத்துப் பார்க்க முடியாதது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அந்தக் குடும்பமே தலையணை தலையணையாக ஐந்து பாகம் புத்தகமும் போட்டது. இத்தனைக்கும் அந்த லேத் ஓடியது கால் மிதியில். (இந்தக் கால் மிதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.)

ராஜாவிடமிருந்து அது குமாஸ்தாவுக்கு இறங்க நூறு வருஷம் ஆனது. 1898-ல் இங்கிலாந்தில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் 'மாடல் என்ஜினியர்' பத்திரிகையைத் தொடங்கினார். ஆபீஸில் பேரேடு எழுதுகிறவர், வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் குட்டி நீராவி ரயில் என்ஜின் செய்கிறார். அமெரிக்காவில் 1930களின் பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் வேலை இழந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, 1933-ல் ஒரு அறிவியல் பத்திரிகை வீட்டுப் பட்டறைக்காரர்களுக்கென்றே ஒரு சங்கம் கூட்டியது. வேலை இல்லாத ஆண்பிள்ளைக்கு 'நானும் ஏதோ செய்கிறேன்' என்ற மரியாதை தேவைப்பட்டது என்பது என் யூகம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இது பெரிய வியாபாரமே ஆகிவிட்டது. போர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் கை டிரில்லை வீட்டுக்கு எடுத்துப் போய்க்கொண்டே இருந்தார்களாம். அதைப் பார்த்துத்தான் பிளாக் அண்ட் டெக்கர் 1946-ல் வீட்டு உபயோகத்துக்கென்று மலிவு டிரில் கொண்டுவந்தது என்பார்கள். அடுத்த வருஷமே, ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் வடிவமைத்த 'ஷாப்ஸ்மித்' கடைக்கு வந்தது. ரம்பம், லேத், டிரில் எல்லாம் ஒரே மெஷினில்.

நம்ம பக்கம் ஏன் இது வரவில்லை? கருவி இல்லாமலா? தச்சர், கொல்லர், கன்னார், தட்டார், சிற்பி என்று ஐந்தொழில் கம்மாளர்கள் இருந்த ஊர் நம்முடையது. ஆயுத பூஜைக்குக் கருவிக்கே பொட்டு வைத்துக் கும்பிடுகிற ஊர். ஆனால் உளி ஆசாரி வீட்டுச் சாமான், சுத்தி கொல்லன் வீட்டுச் சாமான். வேறு ஒருவன் அதைச் சும்மா ஆசைக்குத் தொட்டால் சிரிப்பார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளை அதை விட்டு வெளியேற நினைத்தால் முறைப்பார்கள். படித்தவன் கையில் கருவி இருந்தால் குடும்பத்துக்கே இறக்கம்.

இந்தக் கோட்டைத் தாண்டியவர்களை விரல் விட்டு எண்ணலாம். 1910-ல் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்தில் டால்ஸ்டாய் பண்ணையில் பாரிஸ்டர் காந்தி செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்த பண்ணை அது. நண்பர் காலன்பாக் ஒரு கிறிஸ்தவத் துறவி மடத்தில் போய்க் கற்றுவந்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். ஜெயிலில் தன் கையால் தைத்த ஒரு ஜோடியை, தன்னைச் சிறையில் போட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கு 1914-ல் பரிசாகக் கொடுத்தார் காந்தி. ஸ்மட்ஸ் அதைப் பல கோடைக்காலம் போட்டுவிட்டு, காந்தியின் 70-ஆவது பிறந்தநாள் சமயத்தில் 1939-ல் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவு பெரிய மனிதரின் செருப்பில் நிற்கத் தனக்குத் தகுதி இல்லை என்று எழுதவும் செய்தார்.

இன்னொருவர் நம்ம கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதையே வாங்கி, பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியவர். 1920-ல் பொள்ளாச்சி–பழனி பாதையில் பஸ் விட்டது, அப்புறம் மோட்டார், சவரக் கத்தி எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. பலர் சொல்லாமல் விடுவது இது: 1944-ல், 51 வயதில், ஓடிக்கொண்டிருந்த பஸ் கம்பெனியின் நேரடிப் பொறுப்பிலிருந்து அவர் விலகிக்கொண்டார். அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்தார். தொழிற்பயிற்சி, பருத்தி, பப்பாளி என்று எதையாவது நோண்டிக்கொண்டே இருந்தார். ஓய்வு என்றால் சாய்வு நாற்காலி என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை போல.

இப்போது நைனா.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் கிடந்த சுத்தியை எடுத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். நைனா பார்த்தார். அடிக்கிற மனுஷன் இல்லை, அன்றைக்கு முதுகில் ஒன்று வைத்தார். "இது என்னோட போவட்டும்டா. நீ பொஸ்தகத்த எடு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் என் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு திருப்புளி கூட இருந்ததில்லை. அரம் பிடிக்கிற விதம், இரும்பைத் தட்டிச் சத்தத்தை வைத்தே விரிசல் கண்டுபிடிக்கிற விதம் எல்லாம் அந்தக் கையில் இருந்தது. அதில் ஒரு துளி கூட என்மேல் சிந்திவிடக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தார். தப்பு சொல்ல மாட்டேன். சுரங்கத்தை நம்பியிருந்த வீடுகளில் பாதிக்கு மேல் இதேதான் நடந்திருக்கும். அதனால்தான் நானெல்லாம் இன்றைக்கு மெல்பர்னில் உட்கார்ந்து தட்டச்சிக்கொண்டிருக்கிறேன்.

2001 பிப்ரவரி 28. சுரங்கம் மூடப்பட்டது. 120 வருஷக் கதை. நைனாவுக்கு அப்போது 58. நான் இங்கே வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கு வந்த முதல் சில மாதம், ஷிப்டு சங்கு ஊதும் நேரத்துக்குச் சரியாக எழுந்து உட்கார்ந்துகொள்வாராம். ஊதாத சங்குக்கு. அம்மா போனில் சொல்லி அழுதாள்.

ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பெங்களூர் போனார். அவென்யூ ரோடு பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு வைஸ், நாலு அரம், இரண்டு உளி வாங்கி வந்தார். கவனியுங்கள், வேலை செய்த இடத்திலிருந்து ஒரு ஆணி கூட வீட்டுக்கு வந்ததில்லை. கேட்டில் சோதனை என்பது ஒரு காரணம், அவர் குணம் இன்னொரு காரணம். 58 வயதில்தான் அந்த ஃபிட்டருக்குச் சொந்தமாக ஒரு கருவிப்பெட்டி அமைந்தது.

மாட்டுக் கொட்டாயின் ஒரு பக்கத்தை அடைத்துப் பட்டறை ஆக்கினார். பாட்டியின் தையல் மெஷின் ஸ்டாண்டு துருப்பிடித்துக் கிடந்தது. அதன் காலில் கனமான ஒரு சக்கரத்தைக் கோத்து, மேலே இரும்புச் சட்டம் வைத்து, கால் மிதி லேத் ஒன்று செய்துவிட்டார். "கரண்டு போனாலும் இது நிக்காது" என்பார். குடுபல்லியில் கரண்டு போகாத நாள் எது? ஹோல்ட்சாப்ஃபெல்லைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு லேத்துக்கும் தத்துவம் ஒன்றுதான்.

இரும்பைத் தொடவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். முழுக்க மரம். சென்னபட்டணா போய், பொம்மை கடைகிறவர்கள் பக்கத்தில் நாலு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். அங்கே பயன்படுத்துவது வெட்பாலை மரம். வெள்ளையாக, மெத்தென்று, கடைசலுக்கு வாகாக இருக்கும். எங்கள் பக்கத்துக் காடுகளில் அது தாராளம். சுற்றும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் கட்டியை அழுத்தினால், உராய்கிற சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. பம்பரம், கிலுகிலுப்பை, நடைவண்டிக்குச் சக்கரம் என்று ஆரம்பித்தார். முதல் பத்துப் பம்பரம் நிற்கவே இல்லை, சாய்ந்து சாய்ந்து விழுந்தன. பதினொன்றாவது நின்றபோது தெருப் பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினாராம். எதையும் விற்கவில்லை. ஒரு கடைக்காரர் டஜன் கணக்கில் கேட்டபோது, "எத்தன மணிக்கு எத்தன வேணும்னு நீ கேக்க ஆரம்பிச்சா அப்புறம் நானு மறுபடி ஷிப்டு போவணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

2006-ல் ஆறு மாதம் எங்களோடு வந்து இருந்தார். உங்கள் பலர் வீட்டிலும் நடந்திருக்கும். ஊரிலிருந்து வந்த பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகும் காரை எண்ணிக்கொண்டிருப்பார். நாம் டிவி சீரியல் இணைப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, கடமை முடிந்தது என்று ஆபீஸ் போய்விடுவோம். நானும் அப்படித்தான். ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால், யாரோ வேண்டாமென்று புல்வெளி ஓரம் போட்டிருந்த நாற்காலி ஒன்று எங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. எனக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. "குப்பையெல்லாம் எடுத்துட்டு வராதீங்க நைனா" என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்த நாற்காலி ஆடாமல் நின்றது. சமையலறைக் கத்தியும் ஒரு செருப்புக் குச்சியும்தான் கருவி. வேறு என்ன இருந்தது என் வீட்டில்?

இதைப் பார்த்த பக்கத்து வீட்டுக் கிழவர்தான் நைனாவைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். இந்தக் கொட்டகைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் கூல்வா என்ற ஊரில் 1993-ல் ஒன்று ஆரம்பித்தார்கள். விக்டோரியாவில் டொங்காலா என்ற சின்ன ஊரில் 1998-ல் இன்னொன்று. ஓய்வு பெற்ற ஆண்கள் டாக்டரிடமும் போக மாட்டார்கள், மனசுவிட்டுப் பேசவும் மாட்டார்கள். ஆனால் பக்கத்தில் நின்று ஒரு பலகையை இழைத்துக்கொண்டே தானாகப் பேசுவார்கள் என்று கண்டுகொண்டார்கள். 2007-ல் நாடு முழுவதற்குமான சங்கம் அமைந்தது. 2010-ல் அரசாங்கத்தின் ஆண்கள் உடல்நலக் கொள்கையிலேயே இதற்கு இடமும் பணமும் கொடுத்தார்கள். இங்கிலாந்து, அயர்லாந்து என்று பரவிவிட்டது.

நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. 'பாய்லர்', 'டேப்பர்', 'த்ரெட்', 'சிக்ஸ்டீன்த்' மட்டும் தெரியும். அது போதுமாக இருந்தது. அங்கே இருந்த ஒரு பெரியவர் குதிரைப் பந்தயக்காரர், வாய் மூடாதவர். அவர் பேசிக்கொண்டே இருப்பார், நைனா தமிழில் "ஆமாமா" என்பார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருபது ஸ்டூல் செய்தார்கள். அந்த ஆறு மாதத்தில் நான் ஒரு நாள் கூட அங்கே போய்ப் பார்க்கவில்லை. ஆணி அதிகம்.

2014-ல் நைனா போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து பட்டறையைத் திறந்தேன். லேத் அப்படியே இருந்தது. வைஸைக் கொண்டுவரலாம் என்று எடை பார்த்தால், ஏர்லைன்ஸ்காரன் பாதி சம்பளத்தைக் கேட்பான். ஒரே ஒரு அரத்தை மட்டும் சட்டைகளுக்குள் சுருட்டி எடுத்து வந்தேன். வெட்பாலையில் அவரே கடைந்து போட்ட கைப்பிடி. கட்டைவிரல் உட்காரும் இடத்தில் லேசாகக் குழிந்திருக்கும்.

போன சனிக்கிழமை அதைக் கொட்டகைக்கு எடுத்துப் போனேன். முதல் தடவை. எனக்குச் சொல்லித் தருகிறவருக்கு 81 வயது, கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்தவர். அரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடியைத் தடவினார். "யார் செய்தது?" என்றார். சொன்னேன். "அப்புறம் ஏன் நீ இதை என்னிடம் கற்றுக்கொள்கிறாய்?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

நான் அரத்தை அந்தப் பக்கம் தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டும், இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும் என்று மறுபடி சொல்லிக் கொடுத்தார். இந்த வாரம் ஒரு பம்பரத்துக்கு ஆணி கூராக்கிக்கொண்டிருக்கிறேன். இன்னும் நேராக வரவில்லை.